மேடு இருக்க பெட்டரி எதுக்கு?

ட்ரெக்டர் ஸ்டார்ட் ஆகல்லன்னு மூச்சு வாங்க ஓடி வந்திருக்கியே மருமவனே, அத சுத்தி எத்தன பேரு நிக்கிறாங்க? மூணு பேருக்கு மேல நின்னா இன்னைக்கு அது கெளம்பாது. கணக்கப்பிள்ள டீசல் பம்ப் போச்சின்னு சொல்லியிருப்பாரு. பெக்டரி ஆளு இஞ்சினையே எறக்கணும்பாரு. யூனியன் தலைவரு எல்லாத்துக்கும் நிர்வாகந்தான் பொறுப்புன்னு தொண்டைய செருமியிருப்பாரு. அவரு சொல்றதுல பாதி நெசம், ஆனா எந்தப் பாதின்னு அவருக்கே தெரியாது. பூசாரி டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லியிருப்பாரு. அந்தப் பழத்த நசுக்கிறாத, இங்க கொண்டா. சாயத்தண்ணில பிழிஞ்சி குடிச்சிக்கிட்டே கதைப்போம்.

எல்லாரும் வெல கூடுன சாமான்ல இருந்துதான் சந்தேகப்பட்டு வர்றாங்க, கவனிச்சியா? பம்ப் போச்சி, நொசில் போச்சி, இஞ்சின் போச்சி. சல்லிக் காசு செலவில்லாததுல இருந்து ஆரம்பிக்க ஒருத்தருக்கும் மனசு வராது. சின்னப் பழுத கண்டுபுடிச்சா யாரு மெச்சப் போறாங்க?

நேத்து அந்தியில இஞ்சின நிப்பாட்ட ஒரு கம்பிய இழுத்தியே, ஸ்டொப் கம்பி, அத திருப்பி உள்ள தள்ளுனியா? தள்ளல்லன்னா பம்புக்குள்ள டீசல் போற வழி இன்னும் மூடித்தான் கெடக்கு. நீ நாள் பூரா சாவிய திருப்பு, இஞ்சின் சுத்தும், சுத்தும், கடைசில பெட்டரிதான் சாகும். சில நேரம் நீ தள்ளியிருப்ப, கேபிள் துருப்புடிச்சி நடுவழியில நின்னிருக்கும். பம்புக்கிட்ட அந்தக் கம்பி போய் மாட்டுற சின்னக் கை முழுசா திரும்புதான்னு வெரலால ஆட்டிப் பாரு. மெக்கானிக் பாஸ் வந்தாருன்னா மொதல்ல அதத்தான் ஒங்க கண்ணுல படாம தள்ளிவிடுவாரு. பெறகு ஒரு மணித்தியாலம் ஸ்பேனரும் கையுமா இஞ்சினோட கதைப்பாரு, சும்மா ஒரு மரியாதைக்கு.

சாவி திருப்புனா டிக்குன்னு கூட சத்தம் வரல்லயா? பெட்டரிய ஏசுறதுக்கு முன்ன ஹை லோ கியர் கம்ப பாரு. நம்ம மெசி 135 ட்ரெக்டர்ல அது நடுவுல நின்னாத்தான் ஸ்டார்ட்டருக்கு கரண்ட் போகும். கியர்ல கெடக்கிற வண்டி பாஞ்சி ஆளக் கொல்லக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு அது. நம்ம ஆளுங்க அந்த சுவிட்ச் ஒரு தடவ மக்கர் பண்ணா ரெண்டு வயரையும் முறுக்கி ஒண்ணாக்கிட்டு, சரியாச்சின்னு கைய தொடைச்சிக்கிட்டு வந்துருவாங்க. அது பத்தாதுன்னு பெரிய டயருக்கு முன்னால நின்னுக்கிட்டு, ஸ்க்ரூட்ரைவரால ஸ்டார்ட்டர நேரா தொட்டு பொறி பறக்க விடுற சூரங்களும் இருக்காங்க. வண்டி கியர்ல இருந்தா கட்டாயம் ஸ்டார்ட் ஆகும். அந்தச் சூரன் மேல ஏறித்தான் போகும். பல நாட்டுல ட்ரெக்டர்காரங்க இப்படி செத்திருக்காங்க. இந்த ஒரு விசயத்துல நம்ம தோட்டம் பின்தங்கியிருந்தா எனக்கு வருத்தமில்ல.

டிக் டிக்குன்னு மட்டும் சத்தம் வருதுன்னா, ஹெட்லைட்ட போட்டு வச்சிக்கிட்டு சாவிய திருப்பு. லைட் மங்கிப் படுத்திச்சின்னா பெட்டரில சத்தில்ல, இல்லாட்டி வயர் மாட்டுற எடத்துல அழுக்கு. லைட் அசையாம எரிஞ்சா பெட்டரி நல்லவன், கரண்ட் போற வழியிலதான் எங்கயோ மறிப்பு. பெட்டரி தலையில பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கே, அத அழகுக்குன்னு விட்டு வச்சிருக்கியா? சுடுதண்ணில அப்பச்சோடா கரைச்சி ஊத்தி கழுவு, மூடியத் தெறந்து உள்ள மட்டும் ஊத்திறாத. சுரண்டி, காயவச்சி, இறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் பூசு. இஞ்சின் ஒடம்புல மாட்டியிருக்கிற எர்த் வயரையும் தேடு, அது சேத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அந்த வண்டில சரஸ்வதி பூசைக்கு சந்தனம் வச்ச எடம் மட்டுந்தான் சுத்தமா இருக்கு. அடுத்த பூசைக்கு பெட்டரி முனைக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லணும், அப்பயாச்சும் தொடைப்பீங்க. பெட்டரில தண்ணி இருக்கான்னு பாக்க நெருப்புக்குச்சி கிழிக்காத, அதுல இருந்து கெளம்புற வாயு பத்திக்கிட்டு மூஞ்சில வெடிக்கும். பீடிய வாயில வச்சிக்கிட்டு எட்டிப் பாக்கிறதும் அதே கணக்குத்தான்.

சரி, இஞ்சின் நல்லாவே சுத்துது, ஆனா புடிக்கல்ல. அப்ப யாரு பேச்சையும் கேக்காத, பொகைக் கொழாய பாரு. பொகையே வரல்லன்னா டீசல் வந்து சேரல்ல. வெள்ளப் பொக வந்தா டீசல் வருது, அத எரிக்கிற சூடு உள்ள இல்ல. ஸ்டார்ட் ஆகி ஆகி கறுப்பா கக்கிட்டு அணைஞ்சா காத்து பத்தல்ல. மெக்கானிக் படிப்புல பாதி இதுதான், மிச்சப் பாதி கை கழுவுறது.

டீசல் வரல்லன்னா, மொதல்ல டேங்க் மூடியில இருக்கிற காத்துத் தொளைய பாரு, மண்ணு அடைச்சிருக்கும். டேங்க் வறள்ற மட்டும் ஓட்டியிருந்தியன்னா இப்ப ஊத்துன டீசலால மட்டும் ஒண்ணும் ஆகாது, கொழாய்க்குள்ள எயார் புடிச்சிருக்கும். பில்டர் தலையில இருக்கிற திருகாணிய தளர்த்திட்டு கை பம்ப அடி, நொர போயி சுத்த டீசல் வர்ற வரைக்கும். அத இறுக்கிட்டு டீசல் பம்புல இருக்கிற திருகாணிக்குப் போ. கடைசில நொசில் கொழாய் நட்ட தளர்த்தி ஸ்டார்ட்டர சுத்து, மூஞ்சியையும் கையையும் எட்ட வச்சிக்கோ. கை பம்ப் தொளதொளன்னு ஆடுதா? பம்ப் போச்சின்னு கத்தாத. உள்ள கேம் மேட்டுல நிக்குது. இஞ்சின கொஞ்சம் சுத்தி நிப்பாட்டிட்டு மறுபடி அடி.

டீசலோட தண்ணியும் வரும். மார்கழி, தை மாசத்துக் குளிருல பாதி டேங்க்ல இருக்கிற காத்து ராத்திரியில வேர்த்து அடியில தண்ணியா நிக்கும். அந்தியில டேங்க நெரப்பி வச்சா வேர்க்க எடமில்ல. ஆனா ஸ்டோர்ல காலையிலதான் அளந்து தர்றாங்க. அந்தியில நெரப்பி வச்சா விடியக்குள்ள யாராச்சும் டியூப் போட்டு உறிஞ்சிருவாங்கன்னு பயம். பயம் நியாயமானதுதான், நம்ம பயலுகள எனக்குத் தெரியாதா?

2022-ல இதவிட கூத்து. ஜூன் மாசக் கடைசில டீசல் லீட்டர் 460 ரூவா ஆச்சி, அதுக்கும் வரிசை. மண்ணெண்ண அப்ப 87 ரூவா. கெடச்சவங்க ரெண்டையும் கலந்து ஓட்டுனாங்க. அந்த சுத்துற டீசல் பம்புக்கு தனியா யாரும் எண்ணெய் போடுறதில்ல, ஓடுற டீசல்தான் அதுக்கு எண்ணெய். மண்ணெண்ணையில அந்த வழுவழுப்பு இல்ல, உள்ள தேஞ்சி போச்சி. ஆகஸ்ட்ல மண்ணெண்ணையும் 340 ரூவா ஆனப்ப, மிச்சம் புடிச்ச காசு பூராவும் பம்ப் செய்யிற பாஸ் கைக்குப் போயிருந்திச்சி.

வெள்ளப் பொகைக்கு வர்றேன். ஹீட்டர்னு ஒண்ணு இருக்கு, உள்ள போற காத்த டீசல சொட்டு சொட்டா எரிச்சி சூடாக்குறது. சாவிய ஹீட்டுக்கு திருப்பி 15, 20 செக்கன் பொறுத்துக்கிட்டு பெறகு ஸ்டார்ட் பண்ணணும். பொறுக்க மாட்டீங்களே. போன்ல படம் ஓடுறதுக்கு அஞ்சு நிமிசம் விளம்பரம் பாப்ப, இஞ்சினுக்கு 15 செக்கன் குடுக்க மாட்ட. ஒடனே துணில பெட்ரோல் நனைச்சி காத்துக் கொழாயில வைக்கத் தோணும். ஹீட்டர் சூடா இருக்கையில அத வச்சா இஞ்சின் ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்ன ஒன்னோட மீச ஸ்டார்ட் ஆயிரும்.

குளிருல மொரண்டு புடிக்கிறது இப்ப வந்த வியாதியுமில்ல. 1956-ல வந்த பெர்கூசன் டீசல் 35 ட்ரெக்டர்ல ஸ்டேண்டர்ட் கம்பனியோட நாலு சிலிண்டர் இஞ்சின் இருந்திச்சி. குளிருல ஸ்டார்ட் ஆகாததுக்கே அது பேர் போனது. பனி கொட்டுற இங்கிலாந்துல இருந்துக்கிட்டு குளிருக்கு ஆகாத இஞ்சின செஞ்சாங்க பாரு, அதான் வெள்ளக்காரன் மூள. 1959-ல மெசி பெர்கூசன் பெர்கின்ஸ் கம்பனிய வாங்கிச்சி, பெர்கின்ஸோட மூணு சிலிண்டர் இஞ்சின் வந்திச்சி, தொல்ல தீந்திச்சி. ஒரு சிலிண்டர் கொறஞ்ச பெறகுதான் ஒழுங்கா வேல நடந்திச்சி. இத ஆபீசுல போய் சொல்லித் தொலைக்காத, ஆள் கொறைக்க அவங்க காரணம் தேடிக்கிட்டு இருக்காங்க.

கறுப்புப் பொக ஆடி ஆவணில வரும். கச்சான் காத்து வீசுற அந்த மாசங்கள்ளதான் ஊவா தேயிலைக்கு வாசம் ஏறும், வெலயும் ஏறும், ரோட்டுப் புழுதியும் ஏறும். காத்து பில்டருக்கு அடியில இருக்கிற எண்ணெய்க் கிண்ணத்த கழட்டிப் பாரு, குழம்பா உறஞ்சிருக்கும். அந்த நேரம் பாத்து வண்டி படுத்தா மலையில மூட்டைக்குள்ள அமுங்கிக் கெடக்கிற கொழுந்து சூடேறி செவந்து போகும். பறிச்ச பொம்பளைங்க ஒடம்பு நோக பறிச்சது, ஒரு கிண்ணம் கழுவாததால கெட்டுப் போகும்.

வெலிமட கெழங்குத் தோட்டத்துல இருக்கிற ஒன் கூட்டாளி லேண்ட்மாஸ்டர் வச்சிருக்கான்ல, அவனுக்கும் ஒண்ணு சொல்லி வை. ஹேண்டில் போட்டு சுத்தும்போது கட்ட வெரல மத்த வெரலோட ஒரே பக்கமா வைக்கணும், சுத்திப் புடிக்கக் கூடாது. இஞ்சின் திருப்பி ஒதைச்சா கை தப்பும். அந்த ரெண்டு சக்கர லேண்ட்மாஸ்டர உருவாக்குனது நம்ம நாட்டு ரே விஜேவர்தன. பின்னாளுல அவரே உழாம பயிர் செய்யிறதப் பத்திக் கதைக்க ஆரம்பிச்சிட்டாரு. ஹேண்டில் எத்தன தடவ ஒதைச்சிச்சோ, யாரு கண்டா.

இவ்வளவு கோளாறையும் வச்சிக்கிட்டு நம்ம மெசி இத்தன வருசம் எப்படி ஓடுச்சி? அந்த 135 கொவென்ட்ரில 1975-க்கு முன்ன செஞ்சது. வெள்ளக்காரத் துரைய பாத்திச்சி. 1972-லயும் 1975-லயும் அரசாங்கம் தோட்டங்கள எடுத்திச்சி, அரசாங்கத்துத் துரைய பாத்திச்சி. 1992-ல கம்பனிங்க கையில குடுத்தாங்க, கம்பனித் துரையையும் பாத்திச்சி. மூணு ஆட்சியிலயும் அதுக்கு ஒழுங்கா பெட்டரி வாங்கிக் குடுத்தவன் எவனுமில்ல. ஏன்னா மேடு இருக்கு மருமவனே, மேடு. பதுள டவுனே 680 மீட்டர் ஒசரம். பண்டாரவள 1200-க்கு மேல, அப்புத்தள 1400-க்கு மேல, நமுனுகுல உச்சி 2000 மீட்டரயும் தாண்டுது. தெமோதரைல ரயிலே நேரா எறங்க வழியில்லாம ஒரு சுத்து சுத்தி, ஸ்டேசனுக்கு அடியிலயே சுரங்கத்துக்குள்ள பூந்து வருது. இப்படி ஒரு ஊருல வண்டிய எங்க நிப்பாட்டினாலும் மூக்கு பள்ளத்த பாத்துத்தான் நிக்கும். டயருக்கு ஒரு கல்லு, கல்ல உருவ ஒரு பையன். முடிஞ்சிச்சி செலவு.

டீசல் இஞ்சினுக்கு பொறி வேணாம், அமுங்குன காத்தோட சூட்டுலயே டீசல் பத்திக்கும். ஸ்டார்ட் ஆன பெறகு அந்தப் பழைய மெசிக்கு பெட்டரி இருந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான். நாள் பூரா கொழுந்து இழுக்கும். மலைதான் பெட்டரி, அதுக்கு பில் வராது, ஓடிட்காரனும் கேக்க மாட்டான். உருட்டித்தான் ஆகணும்னா ட்ரெயிலர கழட்டிட்டு உருட்டு. ஹை-ல மூணாம் கியர போட்டு கிளட்ச மிதிச்சி, ஓட்டம் எடுத்த பெறகு விடு. மொதலாம் கியர்ல விட்டா டயர்தான் இழுபடும். மழை ரோட்டுல வேணாம், வளைவுக்கு முன்ன வேணாம், பொடியன்கள மேல ஏத்திக்கிட்டு வேணவே வேணாம். தோட்டத்து ரோட்டுல ட்ரெக்டர் கவுந்து தொழிலாளிங்க செத்த செய்திய நீயும் வாசிச்சவன்தானே.

மஹியங்கனையும் நம்ம மாவட்டந்தான், ஆனா அங்க இந்த வித்த பலிக்காது. கண்ணுக்கெட்டுன தூரம் வயல், தரை தட்டையா கெடக்கும். நம்ம மலைநாட்டு வண்டிய அங்க நிப்பாட்டிட்டு சோறு தின்னப் போனவன், திரும்பி வந்து பள்ளம் தேடுவான். வயல்கார ஐயா கயிறு கட்டி இழுத்துவிட்டு, ஏன் தம்பி ஒங்க ஊருல சாவி கண்டுபுடிக்கல்லையான்னு கேப்பாரு.

பெட்டரி கேட்டு எழுதிக் குடுத்தியா? குடுத்திருப்ப. இப்ப வண்டி எப்படி ஓடுதுன்னு கேட்டிருப்பாங்க. உருட்டி ஓட்டுறோம்னு வெள்ளந்தியா சொல்லியிருப்ப. அப்ப ஓடுதுதானேன்னு கடுதாசிய மடிச்சி லாச்சில போட்டிருப்பாங்க. தலைவரு சொல்ற நெசமான பாதி அந்த லாச்சிலதான் கெடக்கு.

அதனால நாளைக்கு அந்தி நிறுவை முடிஞ்சதும் வண்டிய மேட்டுல ஏத்தி நிப்பாட்டாத. பெரிய துரை பங்களா வாசல்ல தோட்டத்துலயே நல்ல சமதரை இருக்கு. ஜீப் வெளிய வர்ற வழிய மறிச்சாப்பல அங்க நிப்பாட்டி இஞ்சின அணை. கல்லு வேணாம், உருளாது. ஆனா போறதுக்கு முன்ன பெட்டரி முனைய கழுவி இறுக்கிரு, ஹை லோ கம்ப நடுவுல வச்சிரு, ஸ்டொப் கம்பிய உள்ள தள்ளிரு. காலையில வர்ற கராஜ் ஆளு இதுல ஒண்ண கண்டுபுடிச்சிட்டான்னா, இன்னொரு துரை மாறி வர்ற வரைக்கும் ஒனக்கு பெட்டரி இல்ல.