அளவை எட்டிய பணம்

காணி விற்ற காசு 20 இலட்சத்தை அளவெட்டியிலிருந்து வங்கிக்குக் கொண்டுபோனால், மாப்பிள்ளை பார்ப்பவர்களைப்போல் அவர்கள் ஏன் பூர்வீகம் விசாரிக்கிறார்கள்?

ஊரின் பெயரைப் பிரித்துப் படித்தாலே விடை கிடைத்துவிடும் (இடப்பெயர் ஆய்வாளர்கள் பொறுத்தருள்க): தொகை அளவை எட்டிவிட்டது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்கீழ், 10 இலட்சம் ரூபாவைத் தாண்டும் காசுக் கொடுக்கல்வாங்கல்களை வங்கிகள் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு, அதாவது களவுப் பணத்துக்கு நல்ல பெயர் சூட்டும் ‘பணம் தூயதாக்க’லைக் கண்காணிக்கும் இலங்கை மத்திய வங்கியின் அலகுக்கு, அறிவித்தாக வேண்டும். காணி விற்ற உறுதியின் பிரதி கையிலிருந்தால் விசாரணை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பெண் பார்க்கும் படலத்துக்கு அவ்வளவு எளிதான முடிவு கிடையாது.

அப்படியானால் நாளுக்கு 9 இலட்சமாகப் பிரித்துப் போட்டால்?

தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊரில் தாளத்தைக் கூறுபோட்டால் கைதட்டல் கிடைக்கும், தொகையைக் கூறுபோட்டால் சந்தேகமே கிடைக்கும். சந்தேக அறிக்கைக்குக் கீழெல்லை எதுவும் இல்லை என்பதோடு, அப்படியோர் அறிக்கை போயிருப்பதை வாடிக்கையாளரின் காதில் போடுவதும் அதே சட்டத்தில் குற்றமாகும்.

உள்ளே போய்விட்டால் பணம் முழுவதும் பத்திரந்தானே?

வங்கி நிற்கும்வரை முழுவதும். விழுந்தால் 11 இலட்சம். வைப்புக் காப்புறுதி, அதாவது நிறுவனம் முறிந்தால் வைப்பாளருக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு, 2021இலிருந்து ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் அந்த வரம்பையே கொண்டிருக்கிறது.