கொஞ்சம் ஓரங்கட்டுங்க, மாப்ள!

கிளம்பும்போது கேட்டால் வேண்டாம் என்பார். "ஏங்க, ஒருக்கா போயிட்டு வந்துருங்களேன்" என்று அத்தை வாசப்படியிலேயே சொல்லிப் பார்ப்பார். "இப்பத்தான போனேன்" என்று மாமா முன்சீட்டில் ஏறி பெல்ட்டையும் மாட்டிக்கொள்வார். ராசிபுரத்தில் கிளம்பிய வண்டி ஆண்டகளூர் கேட்டில் நான்குவழிச் சாலையைப் பிடித்து, புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவருடைய இடது முழங்கால் மெல்ல ஆடத் தொடங்கும். பின்சீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். திருச்செந்தூருக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் குடும்பத்துக்கு ஒரு மாமா இப்படி இருக்கிறார். வயது அறுபதை ஒட்டி. ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ, கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளராகவோ, லாரியை மகன் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்பவராகவோ இருப்பார். மற்ற எல்லாவற்றிலும் கறாரான மனிதர். முட்டை விலை ஐந்து பைசா இறங்கினாலும் விடிவதற்குள் தெரிந்து வைத்திருப்பார். இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் பிடி தளர்ந்துவிடும்.

நேராகக் கேட்கவும் மாட்டார். முதலில் பூகோளத்தில் ஆர்வம் வரும். "அடுத்து என்ன ஊருங்க மாப்ள?" ஊர் தெரியாமல் கேட்கவில்லை, நாற்பது வருஷமாகப் போய்வருகிற சாலை. பிறகு வண்டியின் மேல் கரிசனம். "ரொம்ப நேரமா ஓடுது, இன்ஜின் சூடாயிருக்கும். கொஞ்சம் ஆற விடலாமுங்களா?" வண்டி கிளம்பி இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். அடுத்து பேத்தியைத் துணைக்கு இழுப்பார். "கண்ணு, உனக்கு ஒண்ணுக்கு வருதா?"

"எனக்கு இல்ல அப்புச்சி, உங்களுக்குத்தான்" என்று அது போட்டு உடைக்கும்.

எல்லாம் தோற்றபின் கடைசி அஸ்திரம்: "எளநி குடிக்கலாமுங்களா? வெயில் பாருங்க." வண்டியை நிறுத்தவைக்க இது நல்ல வழிதான். ஆனால் இளநீர் உள்ளே போனால் அடுத்த நிறுத்தம் பரமத்தியிலேயே வந்துவிடும் என்பதை அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?

சொல் கிடைக்காத சிக்கலும் இருக்கிறது. 'ஒண்ணுக்கு' என்பது பள்ளிக்கூடத்தில் ஒற்றை விரல் தூக்கிக் கேட்ட சொல். மருமகன் முன்னால் அதைச் சொல்ல மாமாவுக்குக் கூச்சம். 'ஒதுங்கணும்' என்றால் எங்கே ஒதுங்குவது என்று வண்டியே விவாதிக்கும். பெங்களூரில் வேலைபார்க்கும் மகள் 'ரெஸ்ட் ரூம்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதையும் ஒருமுறை முயன்றார். "மாப்ள, கொஞ்சம் ரெஸ்ட் வேணும்" என்று பாதியில் நின்றுவிட்டது. "அசதியா இருக்குங்களா மாமா? சீட்டைச் சாச்சுக்கங்க" என்று மாப்பிள்ளை பட்டனை அழுத்திச் சீட்டைச் சாய்த்துவிட்டார். நிறைந்த வயிற்றோடு மல்லாந்து கிடந்து நாமக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தவர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு ஊர் போய்ச் சேருவதைவிட எத்தனை மணிக்குச் சேர்ந்தோம் என்பது முக்கியம். "சேலத்துல எடுத்தேன், மெட்ராஸ்ல வெச்சேன். எங்கியும் நிறுத்தல" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிக்கொள்ள வேண்டும். கூகுள் மேப் காட்டும் சேரும் நேரம் அவருக்கு மானப் பிரச்சினை. மாமா ஒருமுறை இறங்கி ஏறினால் அதில் எட்டு நிமிஷம் கூடுகிறது. அந்த எட்டை மீட்க அடுத்த முப்பது கிலோமீட்டர் அவர் ஓட்டுகிற ஓட்டில், மாமாவுக்கு மட்டுமில்லாமல் வண்டியில் எல்லாருக்குமே முட்டிக்கொண்டு வரும்.

டாக்டர் வேறு நடுவில் நிற்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் மாமாவுக்குச் சிறுநீரகத்தில் கல். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊரில் தெருவுக்கு நாலு பேர் வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்கள்; அதில் இவரும் ஒருவர். நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் டாக்டர். குடிக்காமல் வரச் சொல்கிறார் மாப்பிள்ளை. மாமா டாக்டர் பேச்சைக் கேட்கிறவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடி போட்டும் வெறும் புகையாகப் போகிற இந்த மண்ணில், அரை மணிக்கு ஒருதரம் ஊற்றெடுப்பது அப்பா ஒருத்தர்தான் என்பது மச்சானின் பழைய ஜோக். ஒவ்வொரு பயணத்திலும் சொல்வார். ஒவ்வொரு பயணத்திலும் சிரிப்பார்கள்.

உண்மையில் மாமா மேல் தப்பு கம்மி. வளர்ந்த ஆளின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். 150, 200 மில்லி சேர்ந்ததுமே மூளைக்கு முதல் தகவல் போய்விடும். ஏசிக் குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்க, சிறுநீரகம் கூடுதலாக வேலை பார்க்கும். கிளம்பும் முன் குடித்த டீ தன் பங்குக்குக் கொஞ்சம் தள்ளிவிடும். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி, நீர் வரும் பாதையை நெருக்கும். போனாலும் பை முழுசாகக் காலியாகாது. ஆகவே வாசப்படியில் மாமா சொன்ன "இப்பத்தான போனேன்" பொய்யே இல்லை. போனார், பாதி மிச்சம் இருந்தது.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் என்று போகும் அந்த வரிசையில் சிறுநீரும் உண்டு. தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறுங்கண்ணால் வானத்தை அளந்த டென்மார்க்கின் டைக்கோ பிராஹே, 1601 அக்டோபரில் பிராக் நகரத்து விருந்தொன்றில் மரியாதை கருதி எழுந்திருக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனபின் நீர் பிரியவில்லை. பதினோரு நாளில் போய்ச் சேர்ந்தார். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் நானூறு வருஷம் ஓடியது. 2010இல் எலும்பைத் தோண்டி எடுத்துச் சோதித்துவிட்டு, பாதரச விஷமெல்லாம் இல்லை என்றார்கள். வாத்தியார் மாமாக்கள் இந்தக் கதையை வண்டியில் சொல்வதுண்டு. மாப்பிள்ளை பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

கேட்டுப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளி, சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஓட்டை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கிய நேரத்தில் கார்டு விசில் ஊதிவிட்டாராம். ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் ஆண் பெண் எல்லாரும் பார்க்க விழுந்து, ரயிலையும் விட்டார். கார்டுக்கு அபராதம் போடாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று மிரட்டலும் உண்டு. ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதம்தான் காரணம் என்று சொல்வார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம் மாமாக்களுக்கு ஒரு குலதெய்வம் தேவைப்பட்டால் அவரையே வைத்துக்கொள்ளலாம்.

இதே சாலை ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையாக இருந்த காலத்தில் மாமாவுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்ததில்லை. இருபக்கமும் புளியமரம். ஒவ்வொரு அடிமரமும் ஒரு ஆளை மறைக்கும். நான்குவழியாக அகலப்படுத்தியபோது மரங்கள் போயின. 2010இல் நம்பரும் 44 ஆகிவிட்டது. இப்போதும் செடிகள் வைத்திருக்கிறார்கள், செழிப்பான அரளி. ஆனால் நட்டநடுவில், தடுப்புச் சுவருக்குள். இரண்டு பக்கமும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பறக்க, அங்கே போய் எவன் ஒதுங்குவான்?

அதனால் மாமா தலைக்குள் தனி வரைபடம் ஒன்று வைத்திருக்கிறார். நாமக்கல் பேருந்து நிலையம் 2024இல் முதலைப்பட்டிக்கு மாறியது ஊருக்கு வளர்ச்சிச் செய்தி. மாமாவுக்கு ஒரு கழிப்பறை இடம் மாறிய செய்தி. எந்த ஹோட்டலில் டீ சுமார், மற்றது சுத்தம். எந்த பங்கில் வாளி ஓட்டை. எதில் உள்ளே போனால் மூச்சை எத்தனை நேரம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம்.

ஒரு பங்கில், பெயர் வேண்டாம், கதவில் பூட்டு. "சாவி மேனேஜர்கிட்ட இருக்குதுங்க." மேனேஜர்? "சாப்பிடப் போயிருக்காருங்க." மணி காலை பதினொன்று. பங்கில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. இதே சாவிக் கதையை 2024இல் கேரளத்தில் பயணம் போன ஓர் ஆசிரியையிடமும் சொல்லியிருக்கிறார்கள். இரவு நேரம். அவர் போலீசைக் கூப்பிட்டுத் திறக்கவைத்தார். பத்தனம்திட்டா நுகர்வோர் ஆணையத்துக்கும் போனார். மறு வருஷம் 1.65 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி பங்குக்கு உத்தரவு வந்தது. இதைப் பேப்பரில் படித்த மாமா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மணிபர்சில் வைத்திருக்கிறார், ஆர்சி புத்தகத்தின் நகலுக்கும் முருகன் படத்துக்கும் நடுவில்.

2025 அக்டோபர் மாமாவின் பொற்காலம். டோல்கேட்டில் கழிப்பறை அசுத்தமாக இருந்தால் போட்டோ எடுத்து ராஜ்மார்க்யாத்ரா செயலியில் போடுங்கள், ஃபாஸ்டேகில் ஆயிரம் ரூபாய் ஏற்றுகிறோம் என்று நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. ஒரு வண்டி நம்பருக்கு ஒரு தடவைதான். பங்கும் தாபாவும் சேராது. அந்த மாதம் மட்டும் மாப்பிள்ளையே "மாமா, இங்க நிறுத்தட்டுமா, பாக்கறீங்களா?" என்று கேட்டார். கெட்ட நேரம், போன இடத்தில் பளிச்சென்று கழுவி பினாயில் ஊற்றி வைத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுத்தமான கழிப்பறையைப் பார்த்து மாமா முகம் வாடியது.

சரி, கடைசியில் எங்கேதான் நிற்கும்? பெரும்பாலும் பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்துக்கு முன்னால், வரிசையாக லாரி நிற்கும் ஓரத்தில். "மாப்ள, கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்று அப்போதுதான் வாய் திறந்து தமிழில் வரும். குரலில் இருக்கும் நடுக்கத்தைக் கேட்டு மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் இண்டிகேட்டர் போடுவார். லாரிக்காரர்கள் மாமாவைப் புரிந்துகொண்டவர்கள். பின் டயர் மறைவில் ஏற்கெனவே நிற்கும் நாமக்கல் டிரைவர் தள்ளி இடம் கொடுத்து, "எந்தூருங்க?" என்பார். "ராசிபுரமுங்க. லோடு எங்கீங்க?" அங்கே அவர்கள் பேசுகிற சுகதுக்கம் சம்பந்தி வீட்டிலும் பேசுவதில்லை.

திரும்பி வருகிற மாமா வேறு ஆள். டீ சொல்வார், காசும் அவரே கொடுப்பார். காவிரியில் தண்ணீர் வரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார். அதற்குள் மச்சான் எங்கே என்று பார்த்தால் ஒரு லாரிக்குப் பின்னால். கல்லூரிக்குப் போகும் பையன் இன்னொரு லாரிக்குப் பின்னால். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "வந்தது வந்தோம், நானும் ஒருக்கா..." என்று போன மாப்பிள்ளைதான் எல்லாரையும்விட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். அந்த எட்டு நிமிஷத்தில் ஐந்து அவருடையது. கணக்கு மட்டும் மாமா பேரில்.

அத்தை வண்டியிலேயே இருக்கிறார். லாரி டயர் மறைவு அவருக்கு உதவாது. ஊருக்குக் கிளம்புகிறோம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். காலையில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. நாமக்கல்லில் பேத்தி வாங்கிக் கொடுத்த இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டில் சீல் பிரியாமல் மடியில் கிடக்கிறது. போன தடவை ஒரு ஹோட்டலில் இறங்கிப் போனார். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையும் ஒரு துண்டுச் சணலும்தான். குழாயைத் திறந்தால் காற்று. பையை மாட்ட ஆணி இல்லை, கீழே வைக்கத் தரையும் லாயக்கில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டார். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நாலு சென்டிமீட்டர்தான். கிருமி ஏறுவது சுலபம், அடக்கினாலும் தண்ணீர் குடிக்காவிட்டாலும் இன்னும் சுலபம். ஒவ்வொரு பயணம் முடிந்தபிறகும் அத்தை நீர்க்கடுப்போடு இரண்டு நாள் சீரகத் தண்ணீர் வைத்துக் குடிக்கிறார். மாமாவின் அவசரத்தைப் பற்றி அந்த வீட்டில் பத்து ஜோக் இருக்கிறது. அத்தையின் சீரகத் தண்ணீரைப் பற்றி ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை.

ஆகவே, மாப்பிள்ளைகளே, மாமாவை விடுங்கள். அவர் இன்ஜினைச் சாக்கு வைத்தாவது நிறுத்திவிடுவார். ராசாம்பாளையம் டோல்கேட் வருவதற்குள், சுத்தமான இடம் எதுவென்று அவரிடமே விசாரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து ஒருமுறை கேளுங்கள். "வேண்டாமுங்க மாப்ள" என்றுதான் அத்தை சொல்வார். அப்போதும் நிறுத்துங்கள்.