பிரபலத்தின் பிள்ளையைக் கடத்துவது எப்படி? (நாவலில் மட்டும்)

மாத நாவலுக்கு ஒரு கடத்தல் கதை கேட்டிருக்கிறார்களா? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாமா? பதறாதீர்கள். கீழே உள்ள ஏழு விதிகள் போதும். மாதிரிக்கு ஓர் உண்மை வழக்கும் தருகிறேன். 1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹோப்வெல் அருகே ஒரு வீட்டின் மாடியறையிலிருந்து 20 மாதக் குழந்தை காணாமல் போனது. அப்பா சார்லஸ் லிண்ட்பர்க், 1927இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக விமானத்தில் பறந்து உலகப்புகழ் பெற்றவர். இந்த வழக்கில் நிஜம் எங்கெல்லாம் சொதப்பியதோ, அங்கெல்லாம் நீங்கள் திருத்தி எழுதலாம்.

1. சரியான குழந்தையைக் கடத்துங்கள்.
எட் மெக்பெய்ன் 1959இல் எழுதிய ‘கிங்ஸ் ரான்சம்’ நாவலில் கடத்தல்காரர்கள் ஆள் மாறி, பணக்காரரின் பிள்ளைக்குப் பதில் டிரைவரின் பிள்ளையைத் தூக்கிவிடுகிறார்கள். அகிரா குரோசாவா 1963இல் அதை ‘ஹை அண்ட் லோ’ என்று படமாகவே எடுத்துவிட்டார். விளைவு? டிரைவர் மகனுக்காக முதலாளி சொத்தை இழப்பாரா என்று வாசகர் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். வாசகர் யோசித்தால் பக்கம் புரளாது. பிரபலத்தின் சொந்தப் பிள்ளையாகவே பார்த்துத் தூக்குங்கள்.

2. குழந்தைக்கு வேலை கொடுக்காதீர்கள்.
முதல் அத்தியாயத்தில் ஒரு சிரிப்பு, ஒரு கரடி பொம்மை. அதோடு சரி. இனி முன்னூறு பக்கத்துக்கு அது தேவைப்படாது. பெரியவர்கள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

3. கூட்டத்தைச் சேருங்கள்.
பிரபலத்தின் வீட்டுத் துக்கத்தில் பங்கு கேட்க ஆள் வராமல் இருக்குமா? லிண்ட்பர்க் வழக்கில் சிறையிலிருந்த அல் கபோன், வெளியே விட்டால் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றார். காஸ்டன் மீன்ஸ் என்ற எத்தன், குழந்தையை மீட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு சீமாட்டியிடம் 1 லட்சம் டாலர் கறந்தான். புகழ்பெற்ற ஹோப் வைரத்தின் சொந்தக்காரியே அந்தச் சீமாட்டி. நார்ஃபோக் நகரத்துப் படகு வணிகர் ஒருவர், கடத்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பதாகக் கதை விட்டு லிண்ட்பர்க்கைக் கடலில் அலையவைத்தார். இத்தனை பேரையும் நாவலில் போட்டால் ‘நம்பும்படி இல்லை’ என்று எடிட்டர் அடித்துவிடுவார். இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பணம் கைமாறும் காட்சியில் தாராளம் காட்டுங்கள்.
கறுப்புப் பெட்டி, ஆளில்லாத பாலம், ஹெலிகாப்டர் எல்லாம் வரட்டும். நிஜத்தில் தூது போனவர் ஜான் காண்டன், எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இடம், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டம். 70,000 டாலர் கேட்டவனிடம் இவர் பேரம் பேசி 50,000க்கு முடித்துவிட்டார்! மிச்சம் பிடித்த நோட்டுக்கட்டில்தான் எளிதில் துப்புக் கொடுக்கக்கூடிய 50 டாலர் தங்கச் சான்று நோட்டுகள் இருந்தன. பதிலுக்குக் கிடைத்த சீட்டில், குழந்தை ஒரு படகில் இருக்கிறது என்று எழுதியிருந்தது. லிண்ட்பர்க் விமானத்தில் கடலெல்லாம் தேடினார். படகே இல்லை. 1932 மே 12 அன்று வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் குழந்தையின் சடலம் கிடைத்தது. கடத்தப்பட்ட இரவை ஒட்டியே அது இறந்திருந்தது. இந்தத் தகவலை நாவலில் தவிர்க்கவும். பேரம், கல்லறை, விமானம் எல்லாமே வீண் என்று தெரிந்தால் வாசகர் காசைத் திருப்பிக் கேட்பார்.

5. வேலைக்காரியைச் சந்தேகியுங்கள்.
மலிவான உத்தி, ஆனால் பலிக்கும். லிண்ட்பர்க் வழக்கில் குழந்தையின் பாட்டி வீட்டுப் பணிப்பெண்ணை போலீஸ் திரும்பத் திரும்ப விசாரித்தது. அந்தப் பெண் 1932 ஜூனில் தற்கொலை செய்துகொண்டாள். அவள் சொன்னது உண்மைதான் என்பது பிறகே உறுதியாயிற்று. உங்கள் நாவலில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதற்குமேல் போனால் கதாநாயகன் மீது மரியாதை குறையும்.

6. துப்பறிவாளர் அழகாக இருக்க வேண்டும்.
தாடி, விவாகரத்து, தூக்கமின்மை, மேலதிகாரியோடு சண்டை. இவற்றில் மூன்றாவது கட்டாயம். நிஜத்தில் வழக்கை நகர்த்தியவர்களை எந்த அட்டையிலும் போட முடியாது. ஒருவர் ஆர்தர் கோலர், விஸ்கான்சினில் அரசு மர ஆய்வகத்து நிபுணர். கடத்தல்காரன் போட்டுவிட்டுப் போன ஏணியின் பலகையில் இழைப்பு இயந்திரம் விட்ட வரிகளை அளந்து, ஆலை ஆலையாக விசாரித்து, தென் கரோலினா ஆலை வழியாக பிராங்ஸில் ஒரு மரக்கடைவரை வந்து சேர்ந்தார். இன்னொருவர் பெட்ரோல் பங்க் ஊழியர். 1933இல் அரசு திரும்பப் பெற்றுக்கொண்ட தங்கச் சான்று நோட்டை 1934 செப்டம்பரில் ஒருவன் நீட்டியதும், செல்லுமோ செல்லாதோ என்று நோட்டின் ஓரத்திலேயே கார் எண்ணைக் குறித்துவைத்தார். பிடிபட்டான் புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மேன், தச்சன். அவன் கராஜில் பணயத் தொகையில் ஒரு பங்கு இருந்தது. ஏணியின் ஒரு சட்டம் அவன் வீட்டுப் பரண் பலகையோடு பொருந்தியது. உங்கள் நாவலில் பெட்ரோல் பங்க் ஊழியருக்கு ஒரே வேலைதான்: வில்லனின் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டுச் செத்துப்போவது.

7. தீர்ப்பை நீங்களே எழுதுங்கள்.
நீதிமன்றத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அகதா கிறிஸ்டி காத்திருக்கவில்லை. இந்த வழக்கின் சாயலில் ஒரு குழந்தையைப் படைத்து, அதைக் கொன்றவனுக்கு ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலில் கணக்குத் தீர்த்தார். நாவல் வெளிவந்தது 1934 ஜனவரியில். ஹாப்ட்மேன் கைதானதோ அந்த ஆண்டு செப்டம்பரில். 1935இல் ஃபிளெமிங்டன் ஊரில் விசாரணை நடந்தபோது வாசலில் குட்டி ஏணிகளை நினைவுப்பொருளாக விற்றார்கள். 1936 ஏப்ரல் 3 அன்று மின்சார நாற்காலியில் அமரும்வரை தான் குற்றவாளி இல்லை என்றே ஹாப்ட்மேன் சொன்னான். அதற்குப் பிறகும் வேறு வேறு ஆட்களைக் குற்றவாளியாக்கிப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே உங்கள் நாவலில் முடிச்சு அவிழாவிட்டால் கலங்க வேண்டாம். ‘பாகம் ஒன்று முற்றும்’ என்று போடுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. குழந்தை வரும் இடத்திலெல்லாம் ‘வைர நெக்லஸ்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கதை கொஞ்சமும் தட்டாமல் ஓடுகிறதா? வாழ்த்துகள், வெள்ளிக்கிழமையே அச்சுக்கு அனுப்பலாம். எங்கேயாவது இடறினால், அந்த இடத்தில் மட்டும் நீங்கள் உருப்படியாக எதையோ எழுதியிருக்கிறீர்கள். எடிட்டர் கண்ணில் படுமுன் அடித்துவிடுங்கள்.