ஜொகூருக்கும் உண்டு இலையுதிர் காலம்

என் மகளுக்குக் கிரம்பிள் செய்ய ஆசை வந்தது. பழத்தை நறுக்கி அடியில் பரப்பி, மாவும் வெண்ணெயும் சீனியும் பிசிறிய உதிரியை மேலே தூவி, ஓவனில் வேகவைக்கும் ஆங்கிலேயர் இனிப்பு அது. இலையுதிர் காலத்தில், கம்பளி போர்த்திக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட வேண்டுமாம். மாவும் வெண்ணெயும் ஜொகூர் பாருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இலையுதிர் காலத்துக்கு எங்கே போவது?

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை டிகிரியில் இருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டு: மழையோடு புழுக்கம், மழையில்லாப் புழுக்கம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் மட்டும் ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் நடு இலையுதிர் விழா கொண்டாடுகிறது. தொடக்கமும் முடிவும் இல்லாத பருவத்துக்கு நடுவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நான் கேட்டதில்லை. மூன்கேக் கொடுப்பவர்களிடம் குறுக்கு விசாரணை கூடாது.

வெளியே 32 டிகிரி, ஓவனுக்குள் 180. இதில் கம்பளியும் போர்த்திக்கொண்டால் வேகப்போவது பழமா, நாமா?

பேத்தி ஆப்பிள் நறுக்குவதைப் பார்த்து அம்மா பதறினார். “யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?” எங்கள் வீட்டில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பழம். விளக்கம் சொன்னதும், “கப்பல்ல வந்த பழத்த வேக வேற வைக்கணுமா? பொந்தியான் பக்கம் போனா அன்னாசியக் குவிச்சு வச்சு விக்கிறான்!” என்றார்.

நியாயம்தான். மலேசியாவில் அன்னாசி அதிகம் விளைவது ஜொகூரில். மற்றப் பயிர்கள் முகம் சுளிக்கும் புளிப்பேறிய சதுப்பு மண்ணில் அது செழிக்கும். பெக்கான் நானாஸில் அன்னாசிக்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1996-இல் வெளியிட்ட ஜோசபைன் ரகம், ஜொகூர் அன்னாசிக்கும் சரவாக் அன்னாசிக்கும் பிறந்தது. அப்புறம் ஆப்பிளுக்கு ஏன் வெள்ளியைக் கொட்ட வேண்டும்?

அன்னாசியில் ஒரே சிக்கல், அதன் சாறு. பச்சையாகப் போட்டால் மேல்மாவு ஊறிக் களியாகிவிடும். தீபாவளிக்கு அன்னாசி டார்ட் செய்கிறவர்களுக்கு வழி தெரியும்: சீனி, பட்டை, கிராம்பு சேர்த்து வாணலியில் சுண்டவிட வேண்டும். மேலுக்கு 200 கிராம் மாவு, 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சீனி. வெண்ணெய் சில்லென்று இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊர் வெண்ணெய் காகிதத்தைப் பிரிக்கும்போதே இளகத் தொடங்கிவிடும். ஆகையால் அதைக் கல்லாக உறையவைத்து, துருவிப் போட்டு, புட்டு மாவைப் போல விரல்நுனியால் பிசிறினோம். பிசிறும் வேலையை அம்மா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 40 நிமிடத்தில் மேலே பொன்னிறம், ஓரத்தில் பாகு கொதித்தது.

இரண்டாம் உலகப் போரின்போதுதான் கிரம்பிள் பிரிட்டனில் பரவியது என்பார்கள். அங்கே 1940-இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. வெண்ணெய், ஆளுக்கு வாரத்துக்குச் சுமார் 57 கிராம் என்று சுருங்கிய காலமும் உண்டு. பழத்தை மூடிச் சுடுகிற பை செய்ய மாவும் கொழுப்பும் போதாத வீடுகளில், இருப்பதைப் பிசிறித் தூவினார்கள். கம்பளியும் சன்னலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. கிரம்பிள் பற்றாக்குறையின் பலகாரம்.

மகள் இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார். “எல உதிர்ற காலம் இங்க இல்லன்னு யாரு சொன்னா?”

குளுவாங் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டி மொட்டையாக நிற்கும். தளிர் முற்றும்வரை பால் குறையும், கூடவே கூலியும் குறையும். லயத்துச் சமையல் மரவள்ளிக்கிழங்குக்கும் கருவாட்டுக்கும் இறங்கிவிடும். பிற்பாடு பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனை அப்படி மொட்டையாகாது. இருந்த ஒரே பருவத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டு, பேரங்காடியில் பிளாஸ்டிக் இலையைத் தொங்கவிட்டு அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இது: ஜொகூரில் கிரம்பிளுக்கு உகந்த மாதம் பிப்ரவரி, உகந்த பழம் அன்னாசி. ஆப்பிளை ஆஸ்பத்திரிக்கே விட்டுவிடுங்கள்.