அருவிக்கு நடத்தல்: ஓர் ஈரமான ஆய்வு

கனடாவின் மேற்கு ஓரத்திலுள்ள வான்கூவர் தீவின் பசிபிக் கரையில், மலையிலிருந்து இறங்கிவரும் ஓர் ஆறு கடற்கரை மணலிலேயே நேராக விழும் இடத்திற்குச் சூசியாட் அருவி என்று பெயர். வாகனச் சாலை எதுவும் இவ்வருவியை எட்டுவதில்லை. மேற்குக் கரைத் தடம் எனப்படும் 75 கி.மீ. நடைபாதையின் வடக்கு முனையான பச்சீனா வளைகுடாவிலிருந்து 25 கி.மீ. தொலைவிலுள்ள இதை நடந்துதான் காண முடியும் என்பதால், நடைப்பயணிகள் முன்கூட்டியே இடம்பிடித்து, கட்டணமும் செலுத்தி, கூடாரம் முதல் பல்துலக்கி வரை அனைத்தையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வருகின்றனர். விழுகின்ற நீரைக் காண்பதற்காக, விழுகின்ற நீரிலேயே இரண்டு மூன்று நாள் நடப்பது என்று இம்முயற்சியைச் சுருக்கமாக வரையறுக்கலாம்.

இவ்வரையறை மிகையன்று. இத்தடம் செல்லும் காடு மிதவெப்ப மழைக்காடு என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது, பசிபிக் பெருங்கடலின் ஈரக்காற்று தீவின் மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழையைப் பெற்று, சிவப்புத் தேவதாருவும் சிட்கா ஸ்புரூஸும் விண்ணளாவ வளரும் குளிர்ந்த காடு. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று நம்மவர் சொல்வதை இக்காட்டு மரங்கள் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வானம் வெளுத்துப் பல மணிநேரம் ஆனபின்னும் கிளைகளும் பாசியும் தேக்கிவைத்த நீரை, அடியில் நடப்பவரின் பிடரியைக் குறிபார்த்துச் சொட்டுகின்றன. விலையுயர்ந்த மழைச்சட்டை இதற்குத் தீர்வாகும் என்று கருதுவோர் உண்டு. ஆயினும், 20 கிலோ சுமையுடன் ஏற்றத்தில் ஏறுபவருக்கு அச்சட்டை அளிப்பதெல்லாம், வெளியிலிருந்து மழையால் நனைவதா, உள்ளிருந்து வியர்வையால் நனைவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றே.

இப்பாதையின் வரலாறு, இன்று அதில் நடப்போரின் நோக்கத்தைக் காட்டிலும் அறிவுக்கு உகந்தது. ஹூ-ஏ-ஆட், டிடிடாட், பச்சீடாட் ஆகிய தொல்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இக்கரையோரத்தில், கடலோடிகள் பசிபிக்கின் இடுகாடு என்றழைத்த அளவுக்குக் கப்பல்கள் உடைந்தன. 1906 ஜனவரியில் வலென்சியா என்னும் பயணியர் கப்பல் பச்சீனா முனைக்கு அருகே பாறையில் மோதி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அடுத்து, கரையேறுவோர் பிழைத்துக்கொள்வதற்காக, ஏற்கனவே இருந்த தந்திக் கம்பித் தடத்தை விரிவாக்கி, இடையிடையே தொலைபேசியுடன் கூடிய குடில்களையும் அரசு அமைத்தது. உயிர் தப்பியவர் இக்காட்டை விட்டு வெளியேறுவதற்காகப் போடப்பட்ட அதே பாதையில், எந்தக் கப்பலும் உடையாத நிலையில், வீட்டில் சௌக்கியமாக இருந்தவர்கள் காசு கட்டி உள்ளே நுழைகின்றனர் என்பதை வருங்கால வரலாற்றாசிரியர்கள் எவ்வாறு விளக்குவார்களோ தெரியவில்லை.

உள்ளே நுழைந்தவரை முதலில் வரவேற்பது சேறு. அதைத் தவிர்க்கப் பலகைநடைகள், அதாவது தரையிலிருந்து சற்று உயர்த்திப் பாவிய மரப்பலகைப் பாதைகள், அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் பலகையும் இக்காட்டு மரந்தானே என்பதால், அது விரைவில் உளுத்துப் பாசிபிடித்து, சேற்றைவிட நன்றாக வழுக்குகிறது. இங்கு விழுந்த மரம்கூட வீணாவதில்லை. செவிலிக்கட்டை எனப்படும் அம்மரத்தின் மீது விதைகள் முளைத்து, அடுத்த தலைமுறை வரிசையாக எழுந்து நிற்கிறது. விழுந்த பயணிக்கு அத்தகைய பெருமை எதுவும் கிட்டுவதில்லை. முதுகுப்பையின் கனத்தால், மல்லாக்க விழுந்த ஆமைபோல் கைகால்களை அசைத்துக்கொண்டு, துணைக்கு வந்தவர் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதாகிறது. அந்நிலையில் கண்ணுக்கு நேரே தென்படக்கூடியது வாழைப்பழ நத்தை என்னும் ஓடில்லா நத்தை. 25 செ.மீ. வரை வளரக்கூடிய இது, பழுத்த வாழைப்பழத்தின் மஞ்சளும் கரும்புள்ளிகளுமாக, முனையில் கண்ணுள்ள இரு கொம்புகளை நீட்டியும் மடக்கியும், பளபளக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு கடந்து செல்கிறது. இத்தடத்தில் ஒருமுறைகூட வழுக்கி விழாத ஒரே பிராணி இதுவேயாகும்.

அருவிக்கு 2 கி.மீ. முன்பாகக் குறுக்கிடும் கிளானவா ஆற்றைக் கம்பித்தொட்டியில் கடக்க வேண்டும். கரைக்குக் கரை கட்டிய இரும்புக் கம்பியில் தொங்கும் இத்தொட்டி, ஏறியவுடன் ஆற்றின் நடுப்பகுதிவரை தானாகவே வழுக்கிச் சென்று பயணியை மகிழ்வித்து, கம்பி தொய்ந்திருக்கும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது; எஞ்சிய பாதியை அவர் மேல்நோக்கிக் கயிற்றை இழுத்தே கடக்கிறார். மணற்கரை வழியாக நடக்க விரும்புவோர் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, படித்தறிய வேண்டும். இப்பட்டியல் நிலைநேரத்தில் அச்சிடப்படுவதால், கடிகாரம் அதைவிட முந்தியிருக்கும் கோடைக்காலத்தில் ஒரு மணிநேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்; கூட்டுவதா கழிப்பதா என்று பாறைமுனையில் குழு விவாதித்துக்கொண்டிருக்கும்போது, விடையை அலையே கால்களில் வந்து தெரிவித்துவிடுகிறது.

கடைசியாக ஏணிகளில் இறங்கினால் அருவி. அகன்ற திரையாகப் பாறைவிளிம்பிலிருந்து விழுந்து, அடியில் ஒரு குளம் கட்டி, மணலை அறுத்துக்கொண்டு கடலில் சேரும் அதன் அழகில் குறைகூற எதுவுமில்லை. கருங்கரடிகளின் மோப்பத்துக்கு அஞ்சி, உணவோடு பற்பசையையும் சோப்பையும்கூட இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, இத்தனை நீருக்கு நடுவே குடிப்பதற்கு மட்டும் ஒரு குவளை நீரை வடிகட்டிக் காத்திருக்கும் பயணிகள், அடுத்துச் செய்வதுதான் ஆய்வுக்குரியது. புறப்பட்டதிலிருந்து நனையாமலிருக்க அரும்பாடுபட்டவர்கள், உடைகளைக் களைந்துவிட்டு, பல்கிட்டும் குளிர்நீரில் தாமாகவே இறங்கி அருவிக்கடியில் நிற்கின்றனர். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்ற பழமொழியை அறியாமலே மெய்ப்பிக்கும் இவர்கள் முகத்தில், பாதை நெடுகிலும் காணாத மகிழ்ச்சி அப்போது தெரிகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே: நனைவது துன்பமன்று, நனையாமலிருக்க முயல்வதே துன்பம். ஆகவே இத்தடம் திறந்திருக்கும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அங்குச் செல்ல எண்ணுவோர், மழைச்சட்டைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் காலுறைகளுக்கு ஒதுக்குவார்களாக. அவற்றுள் ஒரு ஜோடியை நீர்புகாத பையில் கட்டி, கூடாரத்திற்கு வெளியே எக்காரணம் கொண்டும் அணியாதிருப்பார்களாக.