காதுக்குள்ளை கதைக்கிற பெம்பிளை

(இடம்: யாழ்ப்பாணக் கோட்டை வாசல். ஓட்டோவின் பின் இருக்கையில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி, இரண்டு காதிலும் வெள்ளைக் குமிழ். முன்னால் ஓட்டோக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வாய் இன்னும் வேகமாக ஓடுகிறது.)

ஓட்டோக்காரர்: தம்பி, எத்தினை தரம் கேக்கிறது? கோட்டைக்குள்ளை போறியளோ, இல்லையோ?

தம்பி: சொறி அங்கிள். ஒலி வழிகாட்டி கேக்கிறன். நாங்கள் எந்த இடத்திலை நிக்கிறமோ, அந்த இடத்தின்ரை சரித்திரத்தை அதுவே ஒரு பெம்பிளைக் குரலிலை சொல்லும். ஆளே தேவையில்லை.

ஓட்டோக்காரர்: அப்ப ஓட்டோவையும் அந்தப் பெம்பிளை ஓட்டட்டுமே.

தம்பி: புதுசில்லை அங்கிள். 1952 இலையே ஆம்ஸ்டர்டாமிலை, ஸ்டெடெலிக் மியூசியத்திலை துவங்கினது. சின்ன வானொலிப் பெட்டி ஒண்டைக் கையிலை குடுப்பினமாம். எல்லாரும் ஒரே நேரத்திலை ஒரே படத்தைப் பாத்துக்கொண்டு நிக்க வேணும்.

ஓட்டோக்காரர்: ஒல்லாந்தனோ! 1658 இலை கோட்டையைப் பிடிச்சான். 1707 இலை எங்கடை தேசவழமையை எழுதி வைச்சான். இப்ப காதுக்குள்ளையும் வந்திட்டான். சரி, என்ன சொல்லுறா?

தம்பி: போத்துக்கேயர் 1619 இலை யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, கோட்டை கட்டினவை. ஒல்லாந்தர் அதை இடிச்சு, ஐஞ்சு மூலை நட்சத்திரமாத் திருப்பிக் கட்டினவை. மாலை வெயிலிலை படம் எடுத்தால் வடிவாம்.

ஓட்டோக்காரர்: வெளி மதில் முடிஞ்சது 1792 இலை எண்டு சொன்னாவோ? 1795 இலை வெள்ளைக்காரன் வந்து நிக்க, ஒரு வெடியும் வைக்காமல் திறப்பைக் குடுத்திட்டுப் போட்டாங்கள். நூறு வரியத்துக்கு மேலை கட்டி, மூண்டு வரியம் இருந்தவங்கள். உள்ளை 1706 இலை கட்டின தேவாலயம் ஒண்டும் இருந்தது. 1990 முற்றுகையோடை அது கல்லாப் போச்சு. பிறகு திருத்தக் காசும் ஒல்லாந்து தந்தது. அந்தளவு பாசம்.

தம்பி: தேவாலயம் ‘சிதைவுகள்’ எண்டு வருது. அதுக்குள்ளை நீங்கள் ஓட்டோவை எடுத்திட்டியள், அவ பாதியிலை நிண்டிட்டா.

ஓட்டோக்காரர்: போத்துக்கேயன் நாப்பது வரியம் ஆண்டவன். அவவுக்கு நாப்பது செக்கன். நான் மெதுவாத்தான் ஓட வேணும்.

(நூலக வாசல். சரஸ்வதி சிலைக்கு முன்னால் ஓட்டோ நிற்கிறது.)

தம்பி: இது நல்லாச் சொல்லுறா அங்கிள். சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் வரைஞ்சது, 1959 இலை திறந்தது. குவிமாடத்தைப் பற்றி ஒரு நிமிசத்துக்கு மேலை போகுது.

ஓட்டோக்காரர்: செல்லப்பா எண்ட மனுசன் 1933 இலை தன்ரை வீட்டிலை துவங்கின வாசிகசாலை எண்டு சொன்னாவோ?

தம்பி: இல்லை.

ஓட்டோக்காரர்: எரிஞ்சது?

தம்பி: அது வருது. ‘1981 இலை தீயாலை அழிஞ்சது.’

ஓட்டோக்காரர்: தீ எங்கையிருந்து வந்ததாம்? கடலுக்காலை நடந்து வந்ததோ? மே 31 இரவு, மாவட்ட சபைத் தேர்தல் நேரம், பொலிசும் அதோடை வந்த கும்பலும் வைச்சது. 97,000 புத்தகம். தாவீது அடிகள் எரியிறதைப் பாத்தபடியே நெஞ்சடைச்சுச் செத்துப்போனவர். ஆர் வைச்சது எண்டு கேளுங்கோ அவவை!

தம்பி: கேக்கேலாது அங்கிள். அவ சரஸ்வதி சிலைக்குப் போட்டா.

(இந்த இடத்தில் நியாயம் முழுக்க ஓட்டோக்காரர் பக்கம். ஒலி வழிகாட்டியில் எல்லோருக்கும் பிடித்த வசதி, சங்கடம் வந்தவுடன் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவிவிடலாம் என்பதுதான். அந்த வசதிக்கு இயந்திரம் கட்டாயம் தேவையா என்பதை இன்னும் சற்றுத் தூரம் போனால் பார்க்கலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தை விட்டுவிடுவோம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததற்காகக் கட்டியது என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. வண்ணார்பண்ணையில் நாவலர் 1848இல் தொடங்கிய பள்ளிக்கூடத்தைப் பற்றி ஓட்டோக்காரர் சொன்னதற்குத் தனிப் பத்திரிகை வேண்டும்.)

தம்பி: அங்கிள், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. இந்த ஐந்து சந்திப் பக்கம் என்ன இடம்? செயலியின்ரை வரைபடத்திலை புள்ளியே இல்லை. அவவும் கப்சிப்.

ஓட்டோக்காரர்: சோனகத் தெரு. ரோட்டுச் சரியில்லை, நல்லூருக்கு விடுவம்.

தம்பி: ரோட்டு நல்லாத்தானே கிடக்கு. அந்த வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளை மரம் முளைச்சிருக்கு. ஆக்கள் எங்கை?

ஓட்டோக்காரர்: போட்டினம்.

தம்பி: எப்ப?

ஓட்டோக்காரர்: 90 இலை. இப்ப கொஞ்சப் பேர் திரும்பி வந்திருக்கினம். நல்லூரிலை பாருங்கோ, போத்துக்கேயன் 1621 இலை பழைய கோயிலை இடிச்சவன். இப்ப இருக்கிறது 1734 இலை…

தம்பி: அங்கிள், ஏன் போனவை?

ஓட்டோக்காரர்: பிரச்சினை தம்பி. அந்த நேரத்துப் பிரச்சினை.

தம்பி: ஆர் போகச் சொன்னது?

ஓட்டோக்காரர்: மந்திரி மனை பாக்கேல்லையோ நீங்கள்? யமுனா ஏரி?

தம்பி: காதிலை இருந்து கழட்டிப்போட்டன் அங்கிள். நீங்களும் அவவும் ஒரு பள்ளிக்கூடத்திலையோ படிச்சனியள்?

ஓட்டோக்காரர்: …

தம்பி: வெடி வைக்காமல் திறப்பைக் குடுத்தவனைச் சொல்லத் தெரியுது. தீ வைச்சவனைச் சொல்லத் தெரியுது. இது மட்டும் அந்த நேரத்துப் பிரச்சினையோ?

ஓட்டோக்காரர்: எங்கடை பெடியள்தான் தம்பி. புலிகள் இயக்கம். ஒக்டோபர் 30. வாகனத்திலை ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம் சனம் எல்லாரையும் ஒஸ்மானியா மைதானத்துக்கு வரச் சொன்னவை. ஊரை விட்டுப் போக ரண்டு மணித்தியாலம் தந்தவை. வடக்கு முழுக்க எழுபதாயிரத்துக்கு மேலை சனம். வீடு, கடை, தையல் மெசின், காதிலை கிடந்த தோடு, எல்லாம் இஞ்சை.

தம்பி: நீங்கள் எங்கை நிண்டனியள்?

ஓட்டோக்காரர்: ரோட்டிலைதான். எல்லாரும் ரோட்டிலைதான் நிண்டம். பாத்துக்கொண்டு.

தம்பி: இதைப் பதியட்டோ? செயலி செய்தவைக்கு அனுப்பினால் இஞ்சையும் ஒரு புள்ளி போடுவினம்.

ஓட்டோக்காரர்: பதியுங்கோ. பேர் போடாதேங்கோ.

தம்பி: குரலை வைச்சுக் கண்டுபிடிப்பினம் அங்கிள். இந்த ஊரிலை உங்கடை வாயைத் தெரியாத ஆளும் இருக்கோ?

ஓட்டோக்காரர்: அப்ப அந்தப் பெம்பிளையைக் கொண்டு சொல்லுவியுங்கோ. அவவுக்குத்தான் இஞ்சை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை.