பாவு தீர்ந்தால் பயணம்

கோவைப் பக்கம் சோமனூரில் எங்கள் வீட்டுப் பயணங்களுக்கு நாள் குறித்தது தறிதான். எண்பதுகளில் நாங்கள் விசைத்தறியில் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பம். ஜவுளி உற்பத்தியாளர்களிடமிருந்து நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் வரும். காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுப்போம். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். அதனால் ஊட்டிக்கும் தஞ்சாவூருக்கும் போவதென்றால், தறியில் ஏறியிருக்கும் பாவு இன்னும் எத்தனை நாள் வரும் என்றுதான் அப்பா முதலில் பார்ப்பார். பழைய பாவு தீர்ந்து, புதுப் பாவு வந்து, பிணைத்து ஓட்டத் தொடங்கும் வரை கிடைக்கும் இடைவெளியே எங்களுக்கு விடுமுறை. தீபாவளி போனஸ் கையில் இருக்கும்போது அந்த இடைவெளியும் வாய்த்தால் பயணம் உறுதி.

பாவுக்கு அடுத்தபடியாகப் பஞ்சாங்கம். கிழக்கே போகத் திங்களும் சனியும் சூலம் என்று அப்பாரு (தாத்தா) அந்த இரண்டு கிழமைகளையும் தள்ளிவிடுவார். அதற்கடுத்தது இன்லேண்டு லெட்டர். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போம். "வண்டிய விட்டு எறங்குனா அங்கயே நில்லுங்க, நான் டேசனுக்கு வந்தர்றேன்" என்று அவர் எழுதிவிட்டால், தங்க இடம், சோறு, ஊர் காட்ட ஆள் மூன்றும் முடிந்தன. ஊட்டியில் லாட்ஜ், கும்பகோணத்தில் சத்திரம். இடம் இருக்கிறதா என்பது போய்க் கேட்டால்தான் தெரியும்.

அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் (பாட்டி) பயண ஏற்பாடு முழுக்க அடுப்படியில் நடந்தது. புளிச்சோறு கெடாமல் இருக்க எண்ணெய் கூட்டிக் கிளற வேண்டும். முறுக்கும் கச்சாயமும் சுட்டுத் தூக்குப்போசிகளில் அடைக்க வேண்டும். "ஊருக்குப் போறது நீங்க, பொகைக்குள்ள நிக்கிறது நானு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுப் பெண்கள் பஸ் ஏறும்போதே களைத்துப் போயிருந்தார்கள். ஒருமுறை என் சின்ன அத்தை, வீட்டுக்கு விலக்கு என்று கடைசி நேரத்தில் வீட்டிலேயே நின்றுவிட்டார். பாவுக்காக இரண்டு முறை தள்ளிப்போட்ட நாளை அத்தைக்காக ஒரு முறை தள்ளிப்போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்துப் பயணத்தைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் மலை. கோவை காந்திபுரம் போய் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, ராத்திரியே ரயில் நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வோம். காலை வண்டிக்கு முன்பதிவில்லாத டிக்கெட் வரிசையில் முன்னால் நிற்க வேறு வழியில்லை. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். 12 அடி நகர்ந்தால் ஏறக்குறைய 1 அடி உயரம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற இடத்தில் அப்பா இறங்கிப் போய் அந்தப் பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். தறியிலும் பல்சக்கரம்தான் துணியைச் சுருட்டும். "ஒரு பல்லு தேஞ்சாலும் நழுவிப்போடுமுங்களே" என்று அவர் கேட்டதற்கு, எஞ்சின் ஓட்டுபவர் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். வண்டி ஊதியும் அவர்கள் பேச்சு முடியவில்லை.

அடுத்தது நகரம். ஈரோடு வழியாகத் திருச்சி. மலைக்கோட்டைக் குன்றில் பல்லவர், பாண்டியர் காலத்துக் குடைவரைகளைப் பார்த்துவிட்டு உச்சிப்பிள்ளையார் வரை ஏறினால், ஒரு பக்கம் காவிரியும் சீரங்கத்துக் கோபுரங்களும், மறுபக்கம் ஊரின் ஓடுகளும். மாலையில் பெரியம்மா அம்மாவைச் சின்னக் கடைவீதிக்குக் கூட்டிப் போவார். அம்மா எதுவும் வாங்காவிட்டாலும் ஒவ்வொரு கடையிலும் துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

பிறகு சோழர் ஊர்கள். அப்போது தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் போவது மீட்டர் பாதை. திருச்சியில் வண்டி மாற வேண்டும். பஸ் என்றால், எங்கள் ஊரில் சேரன் போக்குவரத்துக் கழகத்தில் ஏறியவர்கள் அங்கே போய்ச் சோழன் போக்குவரத்துக் கழகத்தில் இறங்குவார்கள். 1997-இல் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பெரிய கோயிலில் ஒருவர், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எங்களுக்குச் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த நிழலில்தான் ஆத்தா உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தார். 1010-இல் ராஜராஜன் எழுப்பி முடித்த கோயில் அது. பெருமை பேசப் பொய் எதுவும் தேவையில்லாத கோயில்.

தாராசுரத்தில் அப்பா எங்களை விட்டுப் பிரிந்துவிட்டார். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் நாங்கள் குதிரை இழுக்கும் கல் மண்டபத்தையும், ஒரே தலையை, உடல்களை மாற்றி மாற்றி மறைத்து, யானையாகவும் காளையாகவும் பார்க்கும் சிற்பத்தையும் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்பா பக்கத்துத் தெருவில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் இருந்தார். உள்ளே குழித்தறி. நெய்பவரின் கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, கை கயிற்றை இழுக்க, நாடா அங்குமிங்கும் ஓடியது. எங்கள் தறிக்குடோனில் காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். அங்கே நெய்துகொண்டே இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, பாவு யார் தருகிறார்கள் என்று அப்பா கேட்க, அவர் எங்கள் பக்கத்துக் கூலியைக் கேட்டார். அன்று பார்க்க நினைத்திருந்த திருபுவனம் விட்டுப்போயிற்று. அப்பா அதற்காக வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பயணம் போடுவது என் மகள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். அவளுக்குப் பாவு தீரும் நாள் கிடையாது. கப்பலேற்றும் தேதி உண்டு. அப்பாரு திங்களையும் சனியையும் தள்ளினார், இவள் செவ்வாயைத் தள்ளுகிறாள். கோவை மயிலாடுதுறை ஜன சதாப்தி அன்று ஓடாது. மற்ற நாட்களில் காலையில் திருப்பூரில் ஏறினால் மதியச் சோற்றுக்குக் கும்பகோணம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். மலை ரயில் டிக்கெட் வேண்டுமென்றால் திறந்த அன்றே கண்விழித்துப் போட வேண்டும். சொந்த வண்டியில் ஊட்டிக்குப் போவதென்றால் 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் வேண்டியதில்லை. மலை தாங்குகிற அளவுக்குத்தான் ஆள் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இந்தக் காலத்தால் வந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூட்டு வலியோடு இருக்கும் அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கையும், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறையும் கிடைக்கின்றன. யாரும் ராத்திரி முழுக்கப் புகையில் நிற்பதில்லை. எந்தக் கிழமை யாருக்கு முடியும் என்று பெண்களைக் கேட்டுத்தான் தேதி முடிவாகிறது. சின்ன அத்தை எழுபது வயதில் முதல் முறையாகப் பெரிய கோயிலைப் பார்த்தார்.

ஆனால் நாட்கள் சுருங்கிவிட்டன. போன தடவை மகள் போட்ட முதல் திட்டத்தில் ஊட்டி, குன்னூர், திருச்சி, சீரங்கம், தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் ஒரு நீண்ட வார இறுதிக்குள் இருந்தன. மூன்று சோழர் கோயில்களும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, தஞ்சை 1987 முதல், மற்ற இரண்டும் 2004 முதல். எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். தறிச் சத்தத்தில் பாதிக் காது போன மனிதர், கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். "அம்மிணி, இதுல உக்கார்றதுக்கு எங்க நேரம் வெச்சிருக்கறீங்க?" என்றார். மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க அப்பச்சி, எதையெல்லாம் எடுத்தர்லாம்?" என்றாள். ஊட்டி அடுத்த ஆண்டுக்குப் போயிற்று. தஞ்சாவூரும் தாராசுரமும் நின்றன. தஞ்சையில் வெயில் தாழ்ந்த பிறகு கல்வெட்டுகளின் ஓரமாக நடந்தபோது, சோழர் கல்வெட்டுகளில் வரும் வரிகளில் தறி இறை என்றும் ஒன்று உண்டு என்று மகள் படித்துச் சொன்னாள். அப்பா நின்றுவிட்டார். "அந்தக் காலத்துலயே தறிக்கு வரியா!" என்று கேட்டுவிட்டு, அந்தச் சுவரை அதுவரை பார்த்த மாதிரியில்லாமல் கிட்டப் போய்ப் பார்த்தார். அரசர் கட்டிய கோயிலாக இருந்தது, அந்த நேரம் முதல் தறிக்காரர்களுடைய கோயிலாகவும் ஆனது.

மகளுக்கு ஐரோப்பா ஆசையும் இருக்கிறது: மியூனிக் நகரம், ஆல்ப்ஸ் மலை, பிறகு ரோத்தன்பர்க், ஆக்ஸ்பர்க் போன்ற பழைய ஊர்கள். போகட்டும், அவசியம் போக வேண்டும். ஆக்ஸ்பர்க் நெசவாளர் ஊர். ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளர் 1367-இல் கிராமத்திலிருந்து அங்கே பிழைக்க வந்தார். அவர் வம்சம் ஐரோப்பிய மன்னர்களுக்கே கடன் கொடுக்கும் குடும்பமாயிற்று. அங்கே போகிற திருப்பூர்ப் பெண்ணுக்குத் தாராசுரத்துக் குழித்தறியும் தெரிந்திருந்தால் இரண்டு ஊரும் கூடுதலாக விளங்கும். ஆல்ப்ஸ் மலையேறும் ரயில்களும் அவளுக்குப் புதிதாக இருக்காது. நீலகிரிப் பாதையின் பல்சக்கர முறை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்தது. அந்தப் பாதைக்கான புது நீராவி எஞ்சின்களைப் பின்னாளில் கட்டித் தந்தது பெரியப்பா வேலை பார்த்த பொன்மலைப் பணிமனை.

நகரம், மலை, பழைய ஊர் மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது நல்ல எண்ணம். ஆளுக்கொரு வேகம், வயதுக்கொரு விருப்பம்; எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். ஆனால் மூன்று தங்கல் போதும், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு வேண்டும், நடுவில் எதுவும் எழுதாத ஒரு நாள் வேண்டும். ஊர்களை எழுதுவதற்கு முன்னால், கூட வருகிறவர்களில் மூத்தவர் ஒரு நாளில் எவ்வளவு நடப்பார் என்று கேளுங்கள். இன்றைக்கு அறை, டிக்கெட், வழி எல்லாம் கைக்குள் இருக்கின்றன. திண்ணையில் உட்கார ஒரு மணி நேரம் ஒதுக்குவதுதான் திட்டம் போடுகிறவரின் வேலை.

எங்கள் தறிகளை எடைக்குப் போட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சோமனூரில் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூலிக்குத்தான் நெய்கின்றன. கூலி உயர்வுக்காக 2022-இலும் 2025-இலும் இங்கே தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அந்த நாட்களில் யாரும் ஊட்டிக்குப் போகவில்லை. தறி ஓட்டுகிறவருக்கு இன்றும் ஓடாத நாள் கூலியில்லாத நாள். ஒப்புக்கொண்ட கூலி உயர்வை உற்பத்தியாளர்கள் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். தறிக்குடோன் நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு வாரமாவது கூலியோடு விடுமுறை கொடுக்க வேண்டும். தஞ்சாவூர் இங்கிருந்து அரை நாள் பயணம்தான். நம் ஊர்த் தறிக்காரர்களும் குடும்பத்தோடு போய் அதைப் பார்த்து வர நாம் வழி செய்ய வேண்டும்.